வண்டியில் வந்த வெயில்

அந்த மார்கழியில், உலகம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த காலத்தில், போர்த்துக்கலின் தென்கரையில் நின்ற பழைய கரவன் வண்டி ஒன்றுக்குள் பின்னேர வெயில் நுழைந்து, மேசையில் காய்ந்துகொண்டிருந்த மோர்மிளகாய்த் தட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்து, பிறகு இறங்கிப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டது. வண்டி அவசரமாகக் கிளம்பியதில் அதற்கு இறங்க நேரம் கிடைக்கவில்லை என்று சிலரும், அது தானாக விரும்பித்தான் ஏறிக்கொண்டது என்று சிலரும் பிற்பாடு, வண்டி போய்ச் சேர்ந்த விக் ஊரில் கட்சி பிரிந்து வாதாடினார்கள். வண்டிக்காரி எமில்டா எந்தப் பக்கமும் சேரவில்லை. அன்றைக்கு அவளுக்கு இருந்த கவலையில் வெயிலைப் பார்க்க எங்கே நேரம்.

எமில்டாவும் அவள் புருஷன் சூசைதாசனும் பாஷையூரில் பிறந்து, சண்டைக் காலத்தில் அங்கிருந்து புறப்பட்டு, நோர்வேயின் வடக்கு நுனியில், கடலையும் மலையையும் தவிர வேறொன்றும் இல்லாத மீன்பிடி ஊர் ஒன்றில் போய் இறங்கியவர்கள். ஊரின் முழுப் பெயர் நீளமானது. தமிழர்கள் அதைச் சுருக்கி விக் என்றார்கள். அங்கிருந்த மீன் தொழிற்சாலையில் இருவரும் தலை நரைக்கும்வரை மீனுக்கு முள் எடுத்தார்கள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறிச் சூசைதாசனின் விரல் மூட்டுகள் வீங்கிப்போய், சட்டைப் பொத்தானை எமில்டா பூட்டிவிட வேண்டிய நிலை வந்தபோது, அவர் வேலையை விட்டுவிட்டுக் கட்டிலும் குசினியும் கக்கூசும் உள்ள அந்தக் கரவனை வாங்கினார். பாதைகள் கொஞ்சம் திறந்திருந்த ஒரு இடைவெளியில், சூடு தேடி, இருவருமாகத் தெற்கே இறங்கினார்கள்.

விக் ஊரில் கார்த்திகைக் கடைசியில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கினால் தை முடிகிறபோதுதான் திரும்பி வரும். இடையில் மத்தியான நேரத்தில் மட்டும் வானம் கொஞ்சம் நீலமாகி, யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனதுபோல மறுபடி இருண்டுவிடும். அந்த இருட்டுக்குள்தான் அவர்களுடைய ஒரே மகள் நிறோஜா தனியாகப் படுத்திருந்தாள்.

நிறோஜா தாதி. பெரிய பட்டணத்து ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டில் வேலை செய்தவள். ஐப்பசியில் அவளுக்கும் அந்த நோய் வந்தது. காய்ச்சல் போய், இருமல் போய், வாசனையும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. ஆனால் காலையில் ஒரு மனிதரைக் கட்டிலிலிருந்து எழும்பவைக்கிற ஏதோ ஒன்று, அதற்கு வைத்தியத்தில் பெயர் இருக்கிறதோ என்னவோ, அது மட்டும் திரும்பவில்லை. லீவு எடுத்துக்கொண்டு விக்கில் பூட்டிக் கிடந்த தாய் வீட்டுக்கு வந்தாள். "நான் நல்லாயிருக்கிறன், நீங்கள் அங்கையே இருங்கோ" என்று போனில் சொன்னாள். பிறகு அதையும் எழுத்தில் மட்டும் அனுப்பினாள். பிறகு 'நல்லம்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும்.

பிறகுதான் பக்கத்து வீட்டு ஒட்வார் இவர்களுக்குப் போன் எடுத்தான். ஒட்வார் ஊர்த் தெருக்களில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். ஒரு வருஷத்தில் பேசுகிற மொத்தப் பேச்சையும் ஒரு சாக்கில் கட்டலாம், அப்படிப்பட்ட ஆள்.

"சூசே, உன் வீட்டுத் திரைச்சீலை திறப்பதில்லை" என்றான். "வாசலில் அவள் சாப்பிடப் பாண் வைக்கிறேன். சில நாள் எடுக்கிறாள். சில நாள் அது கல்லாகிக் கிடக்கிறது. நேற்றுக் கதவைத் தட்டினேன். 'சாகவில்லை ஒட்வார், படுத்திருக்கிறேன்' என்று உள்ளேயிருந்து சொன்னாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை."

சூசைதாசன் போனை வைத்துவிட்டு, வண்டியோரம் கட்டியிருந்த கூடாரத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். எமில்டா ஏன் என்று கேட்கவில்லை. வெளியே காய்ந்த உடுப்புகளை அள்ளி உள்ளே எறிந்தாள், கதிரைகளை மடித்தாள், கதவைச் சாத்தினாள். எல்லைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. மேசையில் கிடந்த வெயிலோடு வண்டி கிளம்பியது.

ஸ்பெயினுக்குள் பொழுது பட்டு, தெரு விளக்குகள் எரிந்து, இரு பக்கமும் ஒலிவ் தோப்புகள் கறுத்துப்போன பிறகும் வெயில் மேசையில் இருந்தது. சன்னலுக்கு வெளியே இருட்டு, சன்னலுக்கு உள்ளே பின்னேரம் மூன்று மணி. எமில்டா மிளகாய்களைப் புரட்டிவிட்டுக் கையை அதற்குள் வைத்துப் பார்த்தாள். சுட்டது.

"இஞ்சேருங்கோ, இது இறங்கேல்லை."

"எது?"

"வெயில்."

சூசைதாசன் கண்ணாடியால் பின்னுக்குப் பார்த்தார். "கிடக்கட்டும். உனக்கு விளக்குச் செலவு மிச்சம்" என்றார்.

அவ்வளவுதான் பேசினார்கள். மகளுக்காகப் போகிற வழியில் வேறு எதைப் பற்றியும் ஆச்சரியப்படுவது மரியாதை இல்லை என்று இருவருக்குமே பட்டிருக்க வேண்டும்.

பிரான்ஸ் எல்லையில் வாகனங்கள் வரிசையில் நின்றன. பொலிஸார் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சன்னலாகக் குனிந்தார்கள். அங்கே நின்றபோதுதான் எமில்டா கவனித்தாள்: வெயில் மிளகாய்த் தட்டை விட்டு விலகி, மேசையின் ஓரத்துக்குப் போய், அங்கிருந்து சுவரோர வாங்குப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தது. வரிசை நகர்ந்து, வண்டி திரும்ப ஓடத் தொடங்கியதும் அது நின்றது. எல்லையைத் தாண்டி டீசல் அடிக்க நின்றபோது மறுபடி நகர்ந்தது.

"ஓடினால் நிக்குது. நிண்டால் ஓடுது" என்றாள் எமில்டா.

பாஷையூரில் சூசைதாசன் கடலுக்குப் போன காலத்தில், பொழுதைப் பார்த்துத்தான் கரைக்கு எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்ப்பார். இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போட்டார். இந்தப் பின்னேரத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, விக் எவ்வளவு தூரம், எங்கெங்கே நிற்க வேண்டிவரும்.

"இதை அவளிட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேணும்" என்றார்.

அன்றிலிருந்து அவர் நிற்பதற்கு அஞ்சினார். தேத்தண்ணியை ஓடும்போதே குடித்தார். எமில்டா சோற்றைக் குழைத்து உருண்டையாக்கி அவர் வாயில் வைத்தாள். கண் சொருகினால் அவள் செபமாலையை உரத்துச் சொன்னாள், அது முடிந்தால் மீன் தொழிற்சாலையில் யார் யாரோடு சண்டை பிடித்தார்கள் என்பதை ஒன்றும் விடாமல் சொன்னாள். தூங்காமல் முடியாது என்று வந்தபோது மட்டும் ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கிலேயே நெற்றியை வைத்துக் கொஞ்சம் கண் அயர்ந்தார். எழும்பியதும் முதல் கேள்வி, "எவ்வளவு போயிட்டுது?" என்பதுதான். எமில்டா வெயிலின் ஓரத்தில் சோக்கட்டியால் கோடு போட்டு வைத்திருப்பாள். கோட்டுக்கும் வெயிலுக்கும் இடையே விழுந்த இடைவெளியைப் பார்த்து அவர் முகம் சுருங்கும்.

ஜெர்மனி எல்லையில் அகப்பட்டுக்கொண்டார்கள். புதிதாக ஏதோ சட்டம் வந்திருந்தது. லொறிகள் மலைப்பாம்புபோல வளைந்து கிடந்தன. ஒருவருக்கும் எப்போது திறக்கும் என்று தெரியவில்லை. மழையும் பனியும் கலந்து கொட்டியது. முன்னால் நின்ற லொறியிலிருந்து வித்தாஸ் என்ற லித்துவேனியன் ஒருவன் இறங்கி வந்து, சுடுதண்ணி கிடைக்குமா என்று சைகையால் கேட்டான். எமில்டா கதவைத் திறந்தாள். அவன் உள்ளே கிடந்த வெயிலைப் பார்த்தான். தண்ணீரை மறந்துவிட்டு, தொப்பியைக் கழற்றினான்.

கொஞ்ச நேரத்தில் வண்டிக்குப் பின்னால் சாரதிகள் ஆளுக்கு ஆள் தூரம் விட்டு வரிசையில் நின்றார்கள். எல்லோரும் ஏதோ ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், நத்தார்ப் பண்டிகைக்குப் போய்ச் சேருவோமா என்று தெரியாதவர்கள். சூசைதாசன் திரைச்சீலையை இழுத்து மூடினார்.

"என்ன செய்யிறியள்?"

"இது பிள்ளைக்கு. ஊருக்கெல்லாம் பங்கு போட ஏலாது."

"மூடி வைச்சாலும் போகுது, திறந்து வைச்சாலும் போகுது" என்றாள் எமில்டா. "நிண்டுகொண்டுதானே இருக்கிறம். ஆற்றையும் முகத்திலை பட்டிட்டுப் போகட்டுமே. அவங்களும் ஆரோ பெத்த பிள்ளையள்."

அவர் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவள் திரைச்சீலையை விலக்கிக் கதவையும் அகலத் திறந்தாள். சாரதிகள் ஒவ்வொருவராகப் படியில் ஏறி, முகக்கவசத்துக்கு மேலே கண்களை மூடிக்கொண்டு, ஒரு சிகரெட் புகைக்கிற நேரம் வெயிலில் நின்றுவிட்டு இறங்கினார்கள். ஒருவன் நனைந்த சப்பாத்தைக் காய வைத்தான். ஒருவன் போனில் மனைவியைக் கூப்பிட்டு அந்த வெளிச்சத்தைக் காட்டினான். அவள் அங்கிருந்து, நீ எந்தக் கடற்கரையில் யாரோடு நிற்கிறாய் என்று கத்தினாள். ஒருவரும் இது எப்படி என்று கேட்கவில்லை. எங்கே கொண்டு போகிறீர்கள் என்று மட்டும் வித்தாஸ் கேட்டான். எமில்டா போனில் இருந்த நிறோஜாவின் படத்தைக் காட்டி, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்து, படுத்திருக்கிறாள் என்று சைகை காட்டினாள்.

வித்தாஸ் இறங்கிப் போனான். சற்று நேரத்தில் முன்னாலிருந்து ஹோர்ன் ஒலி ஒன்று கேட்டது, பிறகு அதற்கு முன்னால் ஒன்று, அதற்கும் முன்னால் ஒன்று. அந்தப் பெரிய லொறிகள் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வலப்பக்கம் ஒதுங்கின. கரவன் போகிற அளவுக்கு ஒரு வழி பிறந்தது. சூசைதாசன் அந்த வழியால் போனபோது ஒவ்வொரு லொறிச் சன்னலையும் பார்த்துத் தலை குனிந்துகொண்டே போனார். எல்லையில் நின்ற பொலிஸ்காரர், வரிசையே வழிவிட்ட வண்டியில் யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று நினைத்து முத்திரை குத்தி அனுப்பினார்.

ஜெர்மனியின் வட கரையிலிருந்து சுவீடனுக்குக் கப்பல். வண்டியைக் கப்பலின் வயிற்றுக்குள் விட்டுவிட்டு மேலே போகச் சொன்னார்கள். எமில்டா கடைசி ஆளாக இறங்கி, கப்பல் நகர்கிறவரை சன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். கப்பல் ஓட வெயில் நின்றது. மேலே ஓடிவந்து புருஷனிடம் சொன்னாள்: "கடலிலையும் நிக்குது. படுங்கோ." சூசைதாசன் கப்பலின் நிலத்துக் கம்பளத்தில் நீட்டி நிமிர்ந்து, போர்த்துக்கலை விட்ட பிறகு முதல் தடவையாக, குறட்டை விட்டுத் தூங்கினார்.

சுவீடன் நீளமான நாடு. வடக்கே போகப் போக மரங்கள் குறைந்து, பனி கூடி, பகல் ஒடுங்கி ஒடுங்கி, கடைசியில் பகல் என்று சொல்ல ஒன்றுமில்லாமல் போனது. வெயில் இப்போது நன்றாகச் சாய்ந்துவிட்டது. இடப்பக்கச் சன்னலால் வந்த அது மேசையில் விழாமல், நேரே குறுக்காகப் போய், வலப்பக்கச் சன்னலால் வெளியே பாய்ந்தது. கரவன் ஓட ஓட, தெருவோரப் பனியின் மேல் ஒரு மஞ்சள் பாய் கூடவே ஓடியது. காட்டோரம் நின்ற கலைமான்கள் தலையைத் தூக்கி, அந்த மஞ்சள் தங்கள் மேல் ஏறி இறங்கிப் போகும்வரை அசையாமல் நின்றன.

நோர்வே எல்லையில் ஒரு தகரக் கொட்டில். இளம்பெண் ஒருத்தி மூக்குக்குள் குச்சி விட்டுச் சோதித்தாள். நேரே வீட்டுக்குப் போகவேண்டும், தனிமைப்படுத்தல் முடியும்வரை வீட்டையும் வண்டியையும் விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது, யாரையும் கிட்ட எடுக்கக் கூடாது என்று சொன்னாள். வீட்டில் மகள் இருக்கிறாள் என்றார்கள். நோய் வந்து மாறியவளுக்கு இந்தச் சட்டம் இல்லை, அவள் உங்களோடு இருக்கலாம் என்றாள். பிறகு வண்டியிலிருந்து தன் கொட்டிலின் சுவரில் விழுந்த வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேலதிகாரிக்குப் போன் எடுத்தாள்.

"வெளிநாட்டு வெயில்" என்று சொல்வது கேட்டது. "ஆமாம். இல்லை, பொட்டலமாக இல்லை. விழுகிறது."

போனை வைத்துவிட்டு வந்தாள். "ஆட்களுக்கு மட்டும்தான் தனிமைப்படுத்தல் சட்டமாம். மற்றதைக் கொண்டுபோகலாம்" என்றாள். தடையைத் தூக்கியவள், தன் கையுறையைக் கழற்றி, அந்த வெளிச்சத்துக்குள் விரல்களை ஒருதரம் விரித்து மடக்கினாள்.

விக்கில் அவர்களுடைய வீடு மலைப்பக்கம், தெருவைப் பார்த்தபடி. ஒட்வார் வாசல் பனியை வழித்து வைத்திருந்தான். சூசைதாசன் இயந்திரத்தை அணைக்கவில்லை. எமில்டா மட்டும் இறங்கி உள்ளே போனாள்.

நிறோஜா மாடி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தாயின் காலடி அவளுக்குத் தெரியும்.

"ஏனம்மா வந்தனீங்கள்?"

எமில்டா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மகளின் தலையில் கை வைத்தாள். தலைமுடி நாட்கணக்காக எண்ணெயும் தண்ணீரும் காணாமல் சடைபிடித்திருந்தது. "வாசலிலை வெயில் கொண்டுவந்து நிப்பாட்டியிருக்கிறம். ஒருக்கா எழும்பி வா பிள்ளை."

"பிறகு வாறன்."

"அது நிண்டால் போயிடும்."

"அப்ப போகட்டும்" என்றாள் நிறோஜா. கோபமாகச் சொல்லவில்லை. மிகவும் மரியாதையாக, தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிறவள்போலச் சொன்னாள்.

எமில்டா கீழே வந்து கதவோரம் நின்று தலையை ஆட்டினாள். சூசைதாசன் வண்டிக்குள் பார்த்தார். வெயில் செம்மை ஏறத் தொடங்கியிருந்தது. அவர் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினார். ஊரைச் சுற்றி ஒரே ஒரு தெருதான். துறைமுகத்தில் தொடங்கி, தேவாலயத்தைத் தாண்டி, மீன் தொழிற்சாலையை வளைத்து, திரும்பத் துறைமுகத்துக்கே வரும். அதில் அவர் சுற்றத் தொடங்கினார். மகள் எழும்பும்வரை சுற்றுவது என்று முடிவு.

இரண்டாம் சுற்றிலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது. வண்டி போகிறபோது வலப்பக்க வீடுகளின் சன்னல்களால் வெளிச்சம் நுழைந்து, சுவரில் ஊர்ந்து, படங்களின் கண்ணாடியில் மின்னி, மறு சன்னலால் வெளியேறியது. மூன்றாம் சுற்றில் சன்னல்களில் பூச்சாடிகள் வந்து நின்றன. நாலாம் சுற்றில் குழந்தைகளைத் தூக்கி வைத்திருந்தார்கள். முதியோர் இல்லத்தில் சக்கர நாற்காலிகளை எல்லாம் ஒரே பக்கமாகத் திருப்பி வைத்து, தாதிகள் பின்னால் நின்றார்கள்.

பிறகு முறைப்பாடு வந்தது. மலைப்பக்க வீடுகளுக்கு மட்டும் வெயில், கடற்பக்க வீடுகள் என்ன பாவம் செய்தன என்று கேட்டார்கள். ஊர்ச் சபை கணினித் திரையில் கூடி, நெடுநேரம் விவாதித்து, மத்தியானம் வரை ஒரு திசையாகவும் அதன் பிறகு மறு திசையாகவும் சூசைதாசன் ஓட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அவர் சரி என்றார். டீசல் அடிக்க நின்றால் வெயில் போய்விடும் என்பதால், ஒட்வார் தன் பனி வண்டியில் பீப்பாயைக் கட்டி, கரவனுக்குப் பக்கத்தில் மாட்டு நடையில் ஓட்டிக்கொண்டு, குழாயை நீட்டிப் பாய்ச்சினான். சாப்பாட்டை மீன் வாரும் நீளப் பிடி வலையில் வைத்து ஓடும் வண்டியின் சன்னலுக்கு நீட்டினார்கள். எமில்டாவின் குழம்பும் வந்தது, வாழ்க்கையில் சூசைதாசனோடு ஒரு சொல் பேசியிராதவர்களின் கேக்கும் வந்தது. தூக்கம்தான் பிரச்சினை. எதிர்த் தீவுக்கு ஓடும் சிறிய படகுக் கப்பலில் வண்டியை ஏற்றி, போகும்போது ஒரு துண்டும் வரும்போது ஒரு துண்டுமாகத் தூங்கினார். கரையில் முட்டும் ஒவ்வொரு தடவையும் வெயிலில் கொஞ்சம் குறைந்தது.

மாடி அறையில் நிறோஜாவின் சுவரிலும் அந்த வெளிச்சம் திரைச்சீலையின் இடைவெளியால் நுழைந்து, ஒரு கோடாக ஊர்ந்து போனது. முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அது போன பின் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். பிறகு அது எப்போது வரும் என்று காத்திருந்தாள். மறுநாள் மத்தியானம், எமில்டா கீழே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது மேலே திரைச்சீலை வளையங்கள் உரசுகிற சத்தம் கேட்டது. அவள் கத்தியை வைத்துவிட்டு அசையாமல் நின்றாள்.

மகள் படியிறங்கி வந்தாள். பைஜாமாவுக்கு மேலே தகப்பனின் பழைய மீன் தொழிற்சாலைக் கோட்டைப் போட்டிருந்தாள்.

"அப்பா எத்தினை தரம் சுத்துறார்?"

"நீ எழும்பும்வரைக்குமாம்."

நிறோஜா சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போய், பஸ்ஸுக்கு நிற்பதுபோலத் தெருவோரத்தில் நின்றாள். கரவன் வந்தது. சூசைதாசன் நிறுத்தவில்லை, நடை வேகத்துக்குக் குறைத்தார். அவள் கூடவே நாலு எட்டு நடந்து, கதவைப் பிடித்து ஏறிக்கொண்டாள். அவர் கண்ணாடியால் மகளைப் பார்த்தார். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"அப்பா, கண்ணெல்லாம் இரத்தமா இருக்கு உங்களுக்கு."

"அது குளிருக்கு. நீ அதிலை இரு. வெயில் படுற பக்கம் இரு."

அவள் வாங்கில் உட்கார்ந்தாள். வெயில் அவள் கழுத்திலும் காதிலும் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள், அவ்வளவு காலம் கட்டிலில் கிடந்தும் கிடைக்காத ஒரு தூக்கம். அவள் வாய் லேசாகத் திறந்து மூச்சு விடுகிறதைக் கண்ணாடியில் பார்த்த சூசைதாசன், இனி எந்தக் காரணத்துக்கும் வண்டியை நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தார். டீசல் வண்டி வந்தது, போனது. கப்பலுக்கு நேரம் வந்தது, அவர் போகவில்லை. சுற்றினார். தேவாலயம், தொழிற்சாலை, துறைமுகம், தேவாலயம். எத்தனையாவது சுற்றோ, தொழிற்சாலை வளைவில் அவர் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. கரவன் தெருவை விட்டு விலகி, ஒட்வார் தள்ளிக் குவித்த பனி மேட்டுக்குள், மெத்தையில் தலையை வைப்பதுபோல மெல்லப் போய்ப் புதைந்து நின்றது.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வண்டி நின்றுவிட்டது. வெளியே பாய்ந்திருந்த வெயில், தெரு மட்டத்திலிருந்து மெல்ல எழும்பி, முதல் வரிசை வீடுகளின் வாசல்களில் ஏறத் தொடங்கியது.

சூசைதாசன் றிவேர்ஸைப் போட்டு மிதித்தார். சில்லு சுற்றியது, பனி தெறித்தது, வண்டி அசையவில்லை. சன்னலைத் திறந்து, "ஒட்வார்! கயிறு! கெதியா!" என்று தமிழும் நோர்வேப் பாஷையும் கலந்து கத்தினார். ஒட்வார் ஏற்கெனவே ஓடி வந்துகொண்டிருந்தான்.

"அப்பா."

நிறோஜா எழும்பி அவர் தோளைப் பிடித்தாள்.

"விடு பிள்ளை, இன்னும் இருக்கு, இழுத்திட்டானெண்டால் இன்னும் கொஞ்சம்…"

"இருக்கட்டும் அப்பா. போகட்டும்."

"இது போனால் நீ திரும்பப் போய்ப் படுத்திடுவாய்" என்றார். அந்தப் பயத்தை அவர் அதுவரை எமில்டாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

நிறோஜா முன் இருக்கைக்கு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வார்டிலை நானும் இப்பிடித்தான் நிண்டனான். ஒருத்தரையும் விடமாட்டன் எண்டு. கையைப் பிடிச்சுக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் எண்டு, வீட்டையும் போகாமல். பிறகு எனக்கு நிக்கிறதுக்குக் கால் இல்லாமல் போட்டுது." அவருடைய வீங்கிய விரல்களை ஸ்டியரிங்கிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "நீங்களும் அப்பிடி விழவேண்டாம்."

"திரும்பப் படுப்பியா?"

"படுப்பன். நாளைக்கு எழும்பப் பாப்பன்."

"சத்தியமா?"

"சத்தியம் பண்ண ஏலாதப்பா. பாப்பன்."

அவர் இயந்திரத்தை அணைத்தார்.

அந்த அமைதியில் ஊர் முழுவதும் வெளியே வந்தது. எமில்டா கையில் வெங்காய மணத்தோடு ஓடி வந்தாள். அவளுக்கு எல்லோரும் தூரம் விட்டு வழி கொடுத்தார்கள். மற்றவர்கள் தெருவின் மறு ஓரத்தில், வீட்டுக்கு வீடு இடைவெளி விட்டு நின்றார்கள். வெயில் செக்கச் செவேலென்று வாசல்களைத் தாண்டி, கூரைகளில் ஏறி, கூரைப் பனியைச் சிவப்பாக்கி, இரண்டாம் வரிசை வீடுகளுக்குப் போய், அங்கே முதியோர் இல்லத்தின் சன்னல்களில் சற்றுத் தங்கி, அதற்கும் மேலே, வீடுகள் முடிந்து மலை தொடங்குகிற இடத்துக்குப் போனது. மலை ஒரு தடவை முழுவதுமாகச் சிவந்தது. பிறகு கீழேயிருந்து மேலாக நீலம் பரவி, கடைசியில் உச்சியில் ஒரு பொட்டு மட்டும் இருந்தது. யாரோ ஒரு குழந்தை அதற்குக் கையை ஆட்டியது. பொட்டும் போனது.

ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மாதக்கணக்கில் ஒன்றாக நின்றிராதவர்கள், இருட்டில் முகம் தெரியாமல் நின்றுகொண்டே கதைக்கத் தொடங்கினார்கள். மீன் விலை, முதுகு வலி, யாருடைய பெட்டை வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள், இந்த வருஷம் பனி கொஞ்சம் கனம். கால் விரல்கள் விறைக்க, நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு கதைத்தார்கள்.

ஒட்வார் கரவனின் பின்புறத்தில் கயிற்றைக் கட்டினான். "நான் இழுக்கிறேன். ஒருவர் உள்ளே இருந்து பின்னால் எடுக்க வேண்டும்" என்றான். சூசைதாசன் திரும்ப ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பார்த்தார், வீங்கிய விரல்கள் மடங்கவில்லை. நிறோஜா அவரை இறக்கிவிட்டுத் தான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள்.

"இவ்வளவு பெரிசு நான் ஓட்டினதில்லை. பின்னுக்கு ஒண்டும் தெரியேல்லை. நிண்டு சொல்லுங்கோ அப்பா."

சூசைதாசன் வண்டிக்குப் பின்னால், ஒரு பக்கமாக, முழங்கால் அளவு பனியில் போய் நின்றார். இயந்திரம் உறுமியது. கயிறு விறைத்தது. அவர் இரண்டு கையையும் உயர்த்தி, இருட்டில் மகள் தன்னைக் காண்கிறாளோ இல்லையோ என்று கவலைப்படாமல், குரலை எடுத்துக் கூப்பிட்டார்.

"வா… வா… கொஞ்சம் இடப்பக்கம் ஒடி… வா பிள்ளை, வா…"

தெருவின் மறு ஓரத்தில் நின்றவர்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாது. ஆனால் அது எதற்கு என்று தெரிந்தது. முதலில் ஒருவர், பிறகு இருவர், பிறகு முதியோர் இல்லத்துச் சன்னல்களைத் திறந்துகொண்டு அங்கிருந்தவர்களும், வாய்க்கு வந்தபடி, வா, வா என்று கூப்பிட்டார்கள். ஊர் முழுவதும் இருட்டில் கூப்பிட, வண்டி ஒருதரம் முனகி, பனியை உதறிக்கொண்டு, மெல்ல மெல்லப் பின்னால் வந்தது.